மறுபடியும் நீச்சல் குளத்துக்கு

வாசலில் ஆஸ்பத்திரி வேனின் ஹாரன் அலறியது. கூடத்துப் பாயில் கணவனும், அவன்மேல் காலைப் போட்டிருந்த பாப்பாவும் தூக்கத்தில் அசையவில்லை. டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் மனைவி அவசரமாகச் சீட்டில் கிறுக்கினாள்.

“சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாவி ஜன்னல்ல. பாப்பா மறுபடி நீச்சல் குளத்துக்குப் போகணும்னு உயிரை வாங்கறா. இன்னிக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. காவலுக்கு ஆள் இருக்குன்னு கரையில உக்காராதீங்க. கை எட்டுற தூரத்துல தண்ணியிலயே நில்லுங்க.”

போன மாதம் அதே குளத்தில் பாப்பா சத்தமே இல்லாமல் மூழ்கினாள். யாரோ தூக்கியதால் பிழைத்தாள். துண்டு எடுக்கப் போயிருந்த கணவன், “உங்கிட்ட பாத்துக்கச் சொல்லிட்டுத்தானே போனேன்” என்றான். “எனக்குக் கேக்கவே இல்ல” என்று இவள் ஊரைக் கூட்டினாள். அன்றிலிருந்து அவன் கூடத்தில்தான் படுக்கிறான். கட்டிலில் அவன் பக்கம் இவள் இன்னும் கால் நீட்டியதில்லை.

ஹாரன் மறுபடி அலறியது. சீட்டின் அடி ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

“ராத்திரி உள்ள வந்து படுங்க. நீங்க இல்லாம தூக்கமே வரல. அன்னிக்கு பக்கத்து பெஞ்சுக்காரியோட பேச்சு சுவாரஸ்யத்துல இருந்துட்டேன். ஆனா நீங்க சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சுங்க.”