கடலுக்கு அந்தாண்ட

மெர்லின் அப்பாவுக்கு,

உங்கள் நாற்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது.

துபாயிலிருந்து எங்களைப் பார்க்க நீங்கள் கூடத்தில் மாட்டிய கேமரா இன்னும் பேசுகிறது. நேற்று மத்தியானம் ஜன்னலைத் திறந்தேன். "இன்னாத்துக்கு தொறந்து வெச்சிகினு கீற? தூசு வருது, சாத்து" என்றது உங்கள் குரல். பதினோரு வருடம் ஃபோனில் கேட்டுப் பணிந்த குரல். சாத்திவிட்டேன்.

மெர்லின் வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காக்காரர்கள் ஏன் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்தார்கள் என்று அவளிடம் கேட்டேன்.

"வரி மட்டும் இல்லம்மா. ராஜா ஒரு தபா கூட அங்க போனதில்ல. கடலுக்கு அந்தாண்ட குந்திகினு, இவங்கள ஒரு வார்த்த கேக்காம எல்லாத்துக்கும் உத்தரவு போட்டாரு."

எழுந்துபோய்க் கேமராவின் வயரைப் பிடுங்கினேன். ஜன்னலை மறுபடி திறந்தேன். காசிமேட்டுக் காற்று உள்ளே வந்தது.

"சாத்துன்னு சொன்னேன்ல" என்றது வயர் பிடுங்கிய கேமரா.

"முடியாதுப்பா" என்றாள் மெர்லின். கேமராவிலிருந்து மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதை உங்கள் கல்லறையில் வைத்துவிட்டு நேராக ரயிலுக்குப் போகிறோம். புது முகவரி எழுதவில்லை.

இப்படிக்கு,
'உங்கள்' என்று எழுதி, அடித்துவிட்டேன்.
நான்.