தண்ணீர் வேண்டாம் என்றவள்

என் செல்வம் அண்ணா,

நீ வெட்டிப் போட்ட கருப்பு கிரானைட் சமையல் மேடையில் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கீறல் விழவில்லை. உன் நுரையீரலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

இருபது வருடம் கல் வெட்டினாய். வேலை முடிந்ததும் இரண்டு வாழைப்பழம். "பழம் துன்னா தூசியெல்லாம் கீழ எறங்கிடும்மா" என்பாய். பழம் போவது வயிற்றுக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிற எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் சிரித்துக்கொண்டே சீப்பு சீப்பாக வாங்கிக் கொடுத்தேன்.

இந்த மேடையை வெட்டிய அன்று, தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாய் கேட்டாய். "இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்குண்ணா, சேறு தெறிக்கும். அப்படியே வெட்டிடேன்" என்றேன். நீ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு மறுநாள் பாடத்துக்குக் குறிப்பெடுத்தேன். பாடம் நுரையீரல்.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்கக் கேட்டாய். "நீதான் டீச்சராச்சே. உள்ள கீற தோலு திரும்ப வளராதா?"

வளரும் அண்ணா. காற்றறைகளின் உள்ளே படர்ந்திருப்பவை மெல்லிய தட்டைச் செல்கள். மூச்சுக்காற்று அவற்றைக் கடந்துதான் ரத்தத்தில் சேர்கிறது. இடையிடையே உருண்டைச் செல்கள் உண்டு. அம்மா வயிற்றில் கடைசி மாதங்களில் அவை வழவழப்பான ஒன்றைச் சுரக்கத் தொடங்கும். அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான். தட்டைச் செல் செத்தால் இவையே பெருகி, தட்டையாகி, அந்த இடத்தை மூடும். உனக்கும் வருடக்கணக்காக மூடிக்கொண்டுதான் இருந்தன. உள்ளே போன கல்தூள் வெளியே வரவில்லை. கடைசியில் தோலுக்குப் பதில் தழும்புதான் வளர்ந்தது.

இதில் "வளரும்ணா" என்பதை மட்டும் உன்னிடம் சொன்னேன். நீ நம்பி, சாயங்காலம் பழம் கேட்டாய்.

ஒரு சமையலறையால் நீ சாகவில்லை என்கிறார் அண்ணி. உன்னைக் கூப்பிட்ட எல்லா வீட்டாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு நாள்தானே வெட்டச் சொன்னோம்?

நேற்று, இதே ராஜகீழ்ப்பாக்கத்தில், என் வீட்டுக்கு மேல் மாடியில் கல் வெட்டும் மெஷின் ஓடியது. ஏறிப் போய்த் தண்ணீர் ஊற்றி வெட்டச் சொன்னேன். "புது பெயின்ட்டுங்க டீச்சர்" என்றார் மாடி வீட்டுக்காரம்மா. கல் வெட்டுகிறவர் சிரித்தார். "ஒண்ணும் ஆவாதுக்கா, பழம் வச்சிகினுகீறேன்." நான் இறங்கி வந்துவிட்டேன்.

நாளையும் வெட்டுவார்கள். என் வீட்டுக் குழாயை நானே மேலே இழுத்துப் போவேன், அவர்கள் சுவர் நாசமானாலும் சரி. இது உனக்குச் செய்யும் சத்தியம். இனி இதனால் உனக்கு ஒரு பயனும் இல்லை.

சுவரைக் காப்பாற்றிக்கொண்ட உன் தங்கை,
கலா