உன் கண்ணாடி பதித்த கேமரா

மச்சான்,

இன்று கண் ஆஸ்பத்திரியில் என் மூக்கின்மேல் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டு, சின்னச் சின்ன வட்டக் கண்ணாடிகளை அதில் போட்டுப் போட்டு எடுத்தார்கள். அதில் ஒன்று 'டிக்'கென்று விழுந்த சத்தத்தில் நீ வந்துவிட்டாய். அத்தனை சின்ன வட்டத்தை நான் பார்த்தது உன் கேமராவில்தான்.

"புரை முத்திக்கிட்டு வருதுங்க. அதனாலதான் இந்த வலது கண்ணுல கிட்டப்பார்வை ஏறியிருக்கு" என்றார் டாக்டர். நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, கண்ணு போகுதுன்னு சொல்றாரு. நீ எதுக்குப் பல்லைக் காட்டறே?"

அவளுக்கு எதைச் சொல்வது? வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு வாரம்தான். நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில், பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுகிறேன்.

அந்தக் கேமராவை நீ கழுத்தில் மாட்டிக்கொண்டு திருமுடிவாக்கத்துக்கு வந்த காலை நினைவிருக்கிறதா? நாம் இருவரும் அங்கே ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையில் இருந்தோம். யாரோ பத்திரிகைக்காரர் பல வருஷம் அடித்துத் தேய்த்து விற்ற கேமரா. கறுப்புப் பெயின்ட் போய் மூலைகளில் பித்தளை பல்லிளித்தது.

"இன்னாடா இது, வடை சுட்ட சட்டியாட்டம் கீது?" என்றேன்.

"வாயைக் கழுவு மச்சான். ரிப்போர்ட்டர் வெச்சிருந்த கேமரா இது. பேட்டரி வாணாம், ஒண்ணும் வாணாம். மழையில நனைஞ்சாலும் சட்டக்குனு அடிக்கும். இப்ப வர்றதெல்லாம் பொம்மை."

அந்தச் 'சட்டக்'கை நீ மூன்று தரம் அடித்துக் காட்டினாய். உள்ளே கண்ணாடி எகிறி இறங்கும் சத்தம். நல்ல பூட்டில் சாவி திரும்புவது போல இருந்தது. அன்று முதல் முகூர்த்த நாளெல்லாம் நமக்குப் பட்டறையில் லீவு.

கேமரா உன்னிடம், ஃப்ளாஷ் என்னிடம். பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டிய எனக்கு நீ தந்த ஒரே உத்தியோகம், தூரம் சொல்வது. எத்தனை அடி தூரம் என்று தெரிந்தால்தான் அந்த வெளிச்சத்துக்கு லென்ஸை எவ்வளவு திறப்பது என்று கணக்குப் போட முடியும். டேப் பிடித்துக் கம்பி அறுத்துப் பழகிய கண் எனக்கு. மணமேடையைச் சுற்றி நகர்ந்துகொண்டே "எட்டு! ஆறரை! அஞ்சு!" என்று கத்துவேன். நீ திரும்பிப் பார்க்காமல் வளையத்தைத் திருப்புவாய். பம்மலில் ஒரு பெரியவர், "யாருப்பா இவன், மண்டபத்துல வந்து ஏலம் போடறான்?" என்று என்னை வெளியே தள்ளப் பார்த்தாரே!

எத்தனையோ கல்யாணம் எடுத்தோம். ஒரு நாளாவது அந்தக் கேமராவில் நான் கண் வைத்ததில்லை. கேட்டால், "கண்ணு வேலை என்னுது, வாய் வேலை உன்னுது" என்பாய். எனக்கும் இரண்டு கையும் நிறைய ஃப்ளாஷும் பேட்டரிப் பெட்டியும்.

பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, சானடோரியம் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் கீழ்க்கட்டளைப் பெண்ணின் கல்யாணம். பெண்ணின் அம்மா இடுப்பு விழுந்து கட்டிலோடு கிடந்தார். அவரிடம் நீ சொல்லியிருந்தாய்: "மண்டபத்துக்கு வர முடியலேன்னு அழாதீங்கம்மா. மண்டபத்தை உங்க கட்டிலுக்குக் கொண்டாறேன்." நல்ல முகூர்த்தம். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை அலைந்தும் ஒரு போட்டோகிராஃபர் கிடைக்கவில்லை. உன் மனைவி அழுத கண்ணோடு கேமராவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "நீங்க போங்கண்ணா. அவர் வாக்குக் குடுத்த இடம்."

போனேன். ஃப்ளாஷைக் கேமராவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மணமேடைக்கு எதிரே நின்று, முதல் முறையாக உன் கேமராவில் கண்ணை வைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை, மச்சான். வெறும் புகை. மூன்று நாளாக அழுத கண்ணாயிற்றே என்று சட்டையில் துடைத்துக்கொண்டு பார்த்தேன். புகை. லென்ஸை முன்னும் பின்னும் திருப்பினேன். பெண் ஒரு சிவப்புக் கறை, மாப்பிள்ளை ஒரு வெள்ளைக் கறை. நீ போனதும் கேமராவும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"இன்னாண்ணா, கேமராவை மோந்து பார்த்துகினு கீறே? ஐயரு தாலி எடுத்துட்டாரு!" என்று பெண்ணின் தம்பி கத்தினான்.

அப்போதுதான் கண் வைக்கும் ஓட்டையில் அந்த வட்டக் கண்ணாடியைக் கண்டேன். மூக்குக்கண்ணாடி இடிக்கிறது என்று, உன் கிட்டப்பார்வைப் பவருக்கே ஒரு கண்ணாடிச் சில்லு அறுத்து அங்கே பசை வைத்து ஒட்டியிருந்தாய். உன் கண்ணுக்கு மட்டும் திறக்கும் கதவு. நகத்தால் நெம்பினேன். நாலணாவால் நெம்பினேன். அசையவில்லை. உடைத்தால் வழி பிறக்கும். அதை உடைக்க எனக்குக் கை வரவில்லை. மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். கட்டிலில் கிடக்கும் அந்த அம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது.

கெட்டிமேளம் இரைந்தது. என் வாய் தானாகக் கத்தியது: "ஆறு!"

யாரும் இல்லாத மண்டபத்தில் நிற்பவன் போல எனக்கு நானே கத்தினேன். லென்ஸில் அடிக்கணக்கு பொறித்திருக்கிறதே, அதில் ஆறை வைத்தேன். ஃப்ளாஷ் முதுகிலிருந்த அட்டவணைப்படி திறந்தேன். குருடன் போல நீட்டினேன். சட்டக். "அஞ்சரை!" சட்டக். அன்று முழுக்கக் கத்திக்கொண்டே எடுத்தேன். அழுதுகொண்டும்தான்.

ஆல்பத்தை நானே கீழ்க்கட்டளைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

"இன்னாப்பா, ஐயருக்குத் தலையே காணோம்?"

"கொஞ்சம் உசரமா உட்கார்ந்துட்டாரும்மா."

"சம்பந்திக்குப் பாதி மூஞ்சிதான் கீது?"

"மீதியும் அதே மாதிரிதாம்மா."

அவர் சிரித்தார். பிறகு ஒரு படத்தில் விரல் நின்றது. தாலியின் முடிச்சு, மஞ்சள் கயிற்றின் புரி உட்பட, கத்தி போலத் தெளிவு. அந்த விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"அந்தத் தம்பி எங்கே? சொன்னாப்புல கொண்டாந்துட்டாரே."

அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "வெளியூர் போயிருக்காரும்மா" என்றேன்.

அதன்பிறகு நான் கல்யாணம் எடுக்கவில்லை. கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று உன் மனைவி சொல்லிவிட்டாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வெல்டிங் கண்ணாடி, சுத்தியலோடு அதற்கும் சந்தனம் வைப்பேன். சும்மா வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்பாயே, அதனால் வெறுமனே பத்து தரம் அடிப்பேன். ஒருமுறை கண்ணை வைத்தும் பார்ப்பேன். புகைதான். நீ போன இடம் அப்படித்தான் இருக்கும் என்று மூடிவைத்துவிடுவேன்.

என் வலது கண்ணுக்கும் உன் கிட்டப்பார்வை வந்துவிட்டதல்லவா, இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே ஒரு ரோல் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஃபிலிமை மாட்டி, அது நகர்வதைக் காட்டும் இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றியது. "ஜன்னல் பக்கம் நில்லும்மா" என்று மகளைக் கெஞ்சி, கேமராவில் கண்ணை வைத்தேன்.

முதலில் புகை. வளையத்தைத் திருப்பினேன். புகைக்குள்ளிருந்து ஒரு காது வந்தது. கம்மல் வந்தது. காதோரம் பறந்த ஒற்றை முடி வந்தது. என் பெண்ணை இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை, மச்சான். இப்படியா பார்த்துக்கொண்டிருந்தாய் எல்லாரையும்? ஒருநாளாவது என்னிடம் சொன்னாயா?

வெள்ளிக்கிழமை டாக்டர் புது லென்ஸ் வைப்பார். உலகம் முழுக்கப் பளிச்சென்று தெரியுமாம். உன் சில்லு வழியே மட்டும் மறுபடி புகை. அதற்குள் எதையெல்லாம் பார்த்துத் தீர்ப்பது?

விரல் பொத்தானின் மேலேயே நின்றது.

"எடுப்பா. எதுக்கு வெயிட் பண்றே?"

என் இடது பக்கத்திலிருந்து யாராவது தூரம் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். நீ நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். நான் நின்ற இடத்தில் ஒருவரும் இல்லை.

"ஏழு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தரம் கத்தினேன்.

சட்டக்.