இருட்டறை எலிகள்

மார்ச் 3
இருட்டறைக்குள் எப்படியோ வெளிச்சம் போயிருக்கிறது. முழு இருட்டில் எலிகள் தம் உடம்புக் கடிகாரத்தின்படி சீராக எழுந்து சக்கரத்தில் ஓட வேண்டும். சில எலிகள் மட்டும் நேரம் தள்ளி எழுகின்றன. ஆய்வகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "அக்கா கறுப்புத் திரைய சரியா மூடல."
எலிகளைப் பராமரிப்பவர் அவர். "மூடிட்டுத்தான் வந்தேன் கண்ணு" என்றார்.

மார்ச் 5
அக்காவைப் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிட்டார் ஆய்வகத் தலைவரான சார். வேலை நிலைக்குமா என்பதே சந்தேகமாம். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்ச் 9
தள்ளி எழுபவை எல்லாம் நாங்கள் ஒரு மரபணுவை முடக்கிய எலிகள். வெளிச்சம் பட்டதும் சில மரபணுக்கள் விழித்து மூளைக் கடிகாரத்தைத் திருப்பப் பார்க்கும். அது கண்டபடி தாவாமல் நாங்கள் முடக்கிய இந்த ஒன்று பிரேக் போடும். பிரேக் இல்லாதவற்றுக்குத் துளி வெளிச்சமே போதும் போலிருக்கிறது. மற்ற எலிகள் அசையவில்லை.
ஆனால் அக்கா போன பிறகும் இது நிற்கவில்லையே?

மார்ச் 12
விளக்கை அணைத்து மகளுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன். "அம்மா, உன் கைல லைட் எரியுது, கண்ண கூசுது."
வாட்ச். கையைத் தூக்கினால் தானே ஒளிரும் வாட்ச். போனை ஒழுங்காக இருட்டறைக்கு வெளியே வைப்பேன், இதைக் கழற்றியதே இல்லை; பழகிப்போனதால் அதன் ஒளி எனக்கு உறைத்ததும் இல்லை. ஒவ்வொரு கூண்டிலும் தண்ணீர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் கையைத் தூக்கும்போதெல்லாம், எலியின் முகத்துக்கு நேரே —
அப்போ நான்தானா? அந்த மனுஷிய ஏன் சொன்னேன்? யார் மேலயாவது போடணும்னு போட்டேன். அவ்ளோதான். திரையை நான் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

மார்ச் 13
பழைய பதிவுகளைப் புரட்டினேன். அக்கா விடுப்பில் இருந்த நாட்களிலும் நேரம் தள்ளியிருக்கிறது. நான் போகாத நாட்களில் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 14
சார் அறை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். சீ.

மார்ச் 16
கூட்டத்தில் சொன்னேன். கிழித்துத் தொங்கவிடுவார் என்று பயந்தால், சார் முகம் மலர்கிறது. "இவ்ளோ மங்கலான வெளிச்சத்துக்கேவா? இதையே முறையா செஞ்சு பாப்போம்."
பாராட்டு வாங்க வெட்கமாக இருந்தது. முதலில் அக்காவைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்றேன். பிறகு பாட்டில் கழுவுமிடத்துக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஈரக் கையைத் துடைத்தபடி தலையாட்டினார்.

மார்ச் 20
அக்கா வந்துவிட்டார். இருட்டறை வாசலில் புதிதாக ஒரு தட்டு வைத்திருக்கிறார்.
"வாட்ச கழட்டி இதுல வைங்க, மேடம்" என்றார்.
வைத்தேன்.