மையித்துக் குளிப்பாட்டுகிறவன் ஹோட்டலில் குளித்தது

2025 ஜூலை 8, செவ்வாய்

தோள் இன்றைக்கும் ஏறவில்லை. வலது கை நெஞ்சு வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் பூட்டுப் போட்டதுபோல் நிற்கிறது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மகள் ஜெனூபா கட்டாரிலிருந்து வந்தபோது போனில் இதைப் போட்டுத் தந்தாள். நான் சொன்னால் அது எழுதும். பேப்பர்த் தமிழில் சொன்னால்தான் அதற்கு விளங்குமாம். ஐம்பது வருடம் பள்ளிவாசலில் ஜும்மா பயான் கேட்டவனுக்கு அது பெரிய காரியமா?

தோள் பிடித்தது போன திங்கட்கிழமை. பாரமான ஒரு மையித்தை இடப்பக்கம் சரித்தபோது உள்ளே என்னவோ முறிந்த சத்தம். சாய்ந்தமருதில் எங்கள் பள்ளிவாசல் எல்லைக்குள் மௌத்தாகிற ஆண்களின் உடம்பை அடக்குவதற்கு முன் குளிப்பாட்டுகிறவன் நான். எழுபத்தெட்டுச் சூறாவளியோடு தொடங்கியது. யார், எந்த நாள், மழையா வெயிலா, எல்லாம் மனதில் இருக்கிறது. உடம்பில் கண்டதை மட்டும் சொல்லமாட்டேன். இந்தப் போனுக்கும் சொல்லமாட்டேன்.

என்னோடு சேர்ந்து செய்கிற பதியுதீன் நன்றாகக் குளிப்பாட்டுவார். வேறு யாரும் என்றால் நான் யோசிக்கப்போவதில்லை. ஆனால் கூட்டாளி மீராசாவுக்கு, அவனை நான்தான் குளிப்பாட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

மீராசாவைப் பார்க்கப் போனேன். சின்ன வயதிலிருந்து ஒரே தோணியில் போனவர்கள் நாங்கள். நோன்பு மாதத்தில் சீனி வருத்தம் அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது. இப்போது நெஞ்சிலும் நீர் என்கிறார் டொக்டர்.

எனக்குத் தங்கச்சி மாதிரியான அவன் மனைவி ஆமினா உம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நாலு மாசமா ஒழுங்காக் குளிச்சில்ல காக்கா. சீலைய நனைச்சித் தா எண்டு வாங்கி, கதவப் பூட்டிப்போட்டுத் தானே தொடச்சிக்கிறாரு. புள்ளைகளையும் கிட்ட எடுக்காரில்ல."

உள்ளே அவன் இடுப்பு வரை போர்த்திக்கொண்டு கிடந்தான்.

"கை எப்பிடிடா?"

"ஏறுதில்ல."

"ஏறணும். இந்தக் கால ஒருத்தனும் பாக்கப்படா. நான் மௌத்தானா நீ மட்டும் பாக்கணும். நீ வாய் தொறக்கமாட்டாய்."

"நான் முந்திட்டா?"

"அவ்வளவு கெட்டிக்காரனாடா நீ?"

சிரித்தோம். வெளியே வந்து கையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சு மட்டும்தான்.

ஜூலை 11, வெள்ளி

ஜெனூபா ஒரு ஸ்பா ஹோட்டலில் மூன்று நாளைக்கு இடம் எடுத்துவிட்டாளாம். வெந்நீர்க் கிணறு உள்ள ஊர். எண்ணெய், ஆவி, வெந்நீர், தோளுக்கு நல்லதாம்.

என் மனைவி நபீஸா சொன்னது: "அம்பது வருசமா நான் தைலத்தோட வந்தா கூசுது எண்டு ஓடுற மனிசன், இப்ப ஆரோ தேய்க்கப் போய்ப் படுக்கப் போறாராம். பாப்பமே!"

ஜூலை 14, திங்கள்

வந்து சேர்ந்தோம். அம்பாறை தாண்டி, காடும் வயலும் தாண்டி, நாலு கடைத்தெரு உள்ள சின்ன ஊர். அதற்குள் இப்படி ஒரு இடம்!

குழாயைத் திறந்தால் நிலத்துக்கடியிலிருந்து சுடுதண்ணீர். விறகு இல்லை, புகை இல்லை. என் றப்பு, அல்லாஹ், படைத்த அடுப்பு அது. கையை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. கட்டிலில் இரண்டு துவாயை இரண்டு கொக்கு மாதிரி மடித்து வைத்திருக்கிறார்கள். நபீஸா அதைத் தொட விடவில்லை. "பிரிச்சா திருப்பி மடிக்க எனக்குத் தெரியா" என்று சொல்லி ஓரமாகப் படுத்திருக்கிறாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஹோட்டல் நடையில் போனேன். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒடுக்கமான உயரக் கட்டில். வெள்ளைத் துணி. ஒரு ஆள் மல்லாந்து கிடக்கிறான். கண் இரண்டிலும் பஞ்சு. கற்பூர வாசம். துணி முழங்காலுக்கு மேலே விலகிக் கிடந்தது. யாருடைய மையித்தோ, ஒருத்தரும் பக்கத்தில் இல்லையே என்று நினைத்தேன். இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு போய்த் துணியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டேன்.

மையித்து "தேங்க் யூ" என்றது.

யா அல்லாஹ்! செருப்பையும் உட்டுப்போட்டு ஓடி வந்திட்டன். நெஞ்சு இன்னும் அடிக்கிது.

எண்ணெய் தேய்க்கப் படுத்திருந்த கொழும்பு முதலாளியாம். நபீஸாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

படுத்தேன். எழும்பி வந்துவிட்டேன்.

தேய்க்கிறவர் திருக்கோவில் ஆள், சசிகரன், நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர். தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணி எடுக்கமாட்டேன் என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார். ஆனாலும் முடியவில்லை. நான் எப்போதும் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்த கட்டில் அது. கீழே கிடந்து மேலே பார்த்தால், ஒரு ஆள் கை கழுவிக்கொண்டு வருகிறான்.

"பறவாயில்ல ஐயா. நாளைக்குப் பாப்பம்" என்றார்.

மத்தியானம் ஆமினா உம்மா போனில் கோல் எடுத்தாள். பெயரை நபீஸா வாசித்ததும் மீராசா போய்விட்டான் என்றே நினைத்தேன். மீராசாவுக்குக் காய்ச்சலாம். "கை ஏறிட்டா எண்டு கேக்காரு காக்கா. அதத்தான் திருப்பித் திருப்பிக் கேக்காரு."

ஜூலை 16, புதன்

இன்றைக்குக் கிடந்தேன்.

முதலில் சசிகரனிடம் என் வேலை என்ன என்று சொன்னேன். அவர் கையை இன்னொருமுறை கழுவினார்.

"அப்ப நான் உங்களுக்கு முன்னால சோதனை எழுதப்போறன் எண்டு சொல்லுங்க."

"வலப்பக்கத்தால தொடங்குங்க தம்பி."

"ஓம் ஐயா."

வெந்நீரைத் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்ப்பேன். உடனே ஊற்றவில்லை. சாடியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்:

"சூடு காணுமா ஐயா?"

நாற்பத்தாறு வருடம் முழங்கையில் பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறேன். கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் வரிசையாய்க் கிடத்தி ஊற்றிய நாளிலும் ஒரு சத்தம் இல்லை. அந்தக் கேள்விக்கு மறுமொழி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். அது என் குரல்தானா?

ஊற்றினார். தோளிலிருந்து விரல் வரைக்கும், முதுகிலும், தண்ணீர் ஒவ்வொரு இடமாகப் போனது எனக்குத் தெரிந்தது. சுப்ஹானல்லாஹ். எழுபத்து நாலு வயதில், என் முதுகு எங்கே முடிகிறது என்று இன்றைக்குத்தான் அறிந்தேன்.

பிறகு தோளை அழுத்தினார். "உம்மா!" என்று கத்திவிட்டேன். உடனே கையை எடுத்தார்.

"கத்துங்க ஐயா. கத்தினாத்தான் எனக்கு இடம் விளங்கும்."

ஒரு ஆள் நோகுது என்று சொல்ல, ஒரு கை நிற்கிறது. இதை என்னவென்று சொல்வது? படைத்தவன் பெரியவன். வெளியே வந்து மரத்தடியில் இருந்து அழுதேன். கவலையில் இல்லை.

ஜூலை 17, வியாழன்

கை காது மட்டும் ஏறுகிறது. அதற்கு மேல் இல்லை.

சசிகரன் ஒளிக்கவில்லை. "முழுசா வராது ஐயா. உங்கட வேலையால தேய்ஞ்ச மூட்டு. பாரம் பிரட்ட வெளிக்கிட்டா உள்ளதும் போயிரும்."

மீராசா பாரமான ஆள். இப்போதும்.

வேன் பிடித்து ஊருக்குத் திரும்பினோம். நபீஸா கேட்டாள், "என்ன, நாக்கையும் ஹோட்டல்லயே உட்டுட்டு வந்தீங்களா?" வாக்கு முறிந்ததை அவளுக்கு எப்படிச் சொல்வேன்? செத்த உடம்பு தானாகத் திரும்பாது. எல்லாப் பாரத்தையும் நம் கையில் தந்துவிடும்.

அம்பாறை வரும்போது நினைத்தேன் — உயிரோடு உள்ளவன் திரும்புவானே. சொன்னால் திரும்புவானே.

ஜூலை 18, வெள்ளி

காலையிலேயே போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. ஆமினா உம்மாவிடம் ஒரு பானை தண்ணீர் சுடவைக்கச் சொன்னேன். பானையோடு என்னைக் கண்டதும் மீராசா கத்தினான்.

"டேய்! நான் இன்னும் மௌத்தாகல்லடா! கபன் துணியும் கொண்டந்தியா?"

"மௌத்தான உன்னப் பிரட்ட எனக்குக் கை இல்லடா. இனி வராதாம். உசிரோட எண்டா நீயே கிறுகுவாய். அதான் இப்பவே வந்தன்."

அவன் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஏசுவான் என்று பார்த்தேன். ஏசவில்லை. பானையில் ஆவி குறைந்துகொண்டு வந்தது.

"கதவப் பூட்டு" என்றான்.

கண்டதைச் சொல்லமாட்டேன்.

வலப்பக்கத்தால் தொடங்கினேன். ஒவ்வொரு கோப்பைக்கும் கேட்டுக் கேட்டு ஊற்றினேன். கிறுகு என்றால் திரும்பினான். அந்தக் காலுக்கு வந்தபோது கண்ணை இறுக்கி மூடினான், நான் மெதுவாகக் கழுவினேன். பிறகு விலாவில் கை பட்டதும் "கூசுதுடா" என்று துள்ளினான், நான் பயந்து கோப்பையை விட்டுவிட்டேன். என் கைக்குக் கீழே ஒரு உடம்பு சிரித்தது இதுதான் முதல் தடவை.

துடைத்து, சாரன் மாற்றி, தலை சீவிவிட்டேன். மீராசா நெடுநேரம் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"மௌத்தானா பதியுதீன் குளிப்பாட்டட்டும்" என்றான். "மிச்ச நாளைக்கு நீ வா."

ஜூலை 25, வெள்ளி

இன்றைக்கு அவன் கண்ணுக்குள் சவுக்காரம் போய்விட்டது. என்னை, என் வாப்பாவை, அந்தச் சவுக்காரத்தைச் செய்தவனை, எல்லாரையும் வரிசையாக ஏசினான். கதவுக்கு வெளியே ஆமினா உம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமையும் வரவேண்டுமாம்.