பூட்டிய குழாயும் என் பொருளாதாரமும்

என் சண்டைக்கார சரசக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நல்ல சேதி ஏதாவது வந்தால் எழுதலாம் என்றிருந்தேன். வந்திருப்பது நல்ல சேதி இல்லை. ஒரு தப்புக் காரியம் நடந்துவிட்டது, செய்தது நான்தான்.

கோடையில் எங்கள் வாகட் அடுக்ககத்துக்கு டேங்கர் தண்ணீர்தான், உனக்குத் தெரியும். இந்த முறை கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, காலேஜில் பாடம் நடத்துகிற அதே குரலில் பேசினேன். சும்மா கிடைப்பது வீணாகும், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து விலை போடுங்கள், தானாக மிச்சமாகும் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீட்டர் வந்தது. இரண்டு கார் வைத்திருப்பவர் ஒருவர் இன்னும் தினமும் இரண்டையும் கழுவுகிறார். காசு இருக்கிறது, கழுவுகிறார். ஆனால் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் பொதுக் குழாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. அந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வீடு திரும்பும்போது ஆளுக்கொரு கேன் பிடித்துப் போவது அங்கேதான். கடைசி மாசங்களில் உனக்குத் தலை வாரிவிட்டாளே, அந்த சுனிதாவும்தான்.

செயலாளரிடம் சண்டைக்குப் போனேன். "மேடம், ஆப் ஹீ நே தோ போலா தா" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நீங்கள்தானே சொன்னீர்கள்! செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

என் வீட்டில் பிடித்துக்கொள் என்று சுனிதாவிடம் சொன்னேன். "வேண்டாம் தீதி, உங்க மீட்டர் ஓடும்" என்று சொல்லிவிட்டுக் காலிக் கேனோடு போய்விட்டாள்.

நான் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்த அன்று, அது என்னடி படிப்பு என்றாய். இருப்பது குறைவு, தேவை அதிகம், எதை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஆராய்வது என்றேன். "இருக்கிறது ஒரு மணி நேரத் தண்ணி. நிக்கிறது நாப்பது குடம். யாருக்கு முதல்ல? இதுக்குப் போயி மூணு வருஷமா?" என்று சிரித்தாய்.

நாம் அப்போது இருந்த கட்கி குவார்ட்டர்ஸ் குழாயடியில் நீ தினமும் செய்தது அதுதானே. பிள்ளை பெற்ற வீடு, காய்ச்சல் கிடக்கிற வீடு, அந்தக் குடங்களை முன்னே தள்ளுவாய். எவளாவது முணுமுணுத்தால் தொலைந்தாள். நம் குடம் பாதி நாள் கடைசியில் நிற்கும். எனக்கு அப்போது மானம் போகும், அக்கா.

இருபது வருஷமாக விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறேன். கொடுக்க முடியாதவள் வரிசையிலேயே இல்லாமல் போவாள் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை? படிப்பு தப்பா, படித்தவள் தப்பா?

பூட்டு நிரந்தரமா என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. உன்னைப் போலக் கத்த எனக்கு வராது. ஆனாலும் எழுந்து, யோசனையும் என்னுடையது, தப்பும் என்னுடையது, பூட்டை எடுங்கள் என்பேன். தோற்கலாம். கார்க்காரர்கள்தான் அங்கே அதிகம்.

தோற்றால், திங்கட்கிழமை சுனிதாவின் கேனை நானே வாங்கி என் வீட்டுக் குழாயில் வைப்பேன். மீட்டர் ஓடட்டும். சத்தியமாகச் சொல்கிறேன், இனி என் குடம் கடைசியில் நிற்கும்.

குழாயடியில் உன்னைப் பார்த்து வெட்கப்பட்ட
உன் தங்கை வசந்தி