ஜே.டி.பி. செய்யவும்

நாள் 212, 09:10
நிலவுத் தென்முனைத் தளம். இங்கே இருப்பது நான் ஒருத்திதான்: ரெஜினா பர்னாந்து, பொறியாளர். காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. துளைக்கருவி 14 மீட்டரில். காலையில் ஒரு மஞ்சள் விளக்கு: "கியூ.வி.எல். குறைவு. ஜே.டி.பி. செய்யவும்." தரைக்கட்டுப்பாட்டுக்குத் தெரிவித்தேன்.

நாள் 212, 13:40
தரையிலிருந்து இலியாஸ்: "மேடம், எம்.எச்.கியூ. படி ஜே.டி.பி. பண்ணிடுங்க, போதும்."
பதில் சொல்லிவிட்டானாம். கையேட்டில் சுருக்கப் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். ஜே.டி.பி.: எம்.எச்.கியூ. பார்க்க. எம்.எச்.கியூ.: ஜே.டி.பி. பார்க்க. இதை எழுதியவன் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவேன்.

நாள் 213, 08:05
விளக்கு சிவப்பு. தலைவலி, வாந்தி. கரியமில வாயு ஏறுகிறது. வடிகட்டியை மாற்றியும் பயனில்லை. சுவரில் பதினேழு வால்வுகள், ஒவ்வொன்றின் மேலும் மூன்றெழுத்து; ஜே.டி.பி. எதிலும் இல்லை. தவறானதைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியே போய்விடும். நான் தாங்குவது ஒரு நாள். மீட்புக்கலம் வர ஆறு நாள்.
நான் அனுப்பியது: "மனுஷ பாஷையில சொல்லு இலியாஸ். எந்த வால்வு? எந்தப் பக்கம் திருப்பணும்?"
"டீம்ல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்."

நாள் 213, 15:30
ஏழு மணி நேரம் கழித்து வாயைத் திறந்தான்.
"மேடம்... ஜே.டி.பி.ன்னா என்னன்னு இங்க யாருக்கும் தெரியல. கையேட்ட எழுதுன சாமுவேல் சார் போன வருஷம் இறந்துட்டாரு. வேற யாருக்காவது தெரிஞ்சிருக்கும்னு எல்லாருமே நெனச்சிட்டோம்."
இந்தத் திட்டத்தில் நாற்பது பேர். ஒன்பது வருடம். எல்லாக் கூட்டத்திலும் தலையாட்டிவிட்டுப் போண்டா தின்ற கூட்டம். நாசமாய்ப் போங்கள்.

நாள் 213, 17:45
உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த நாற்பது பேரில் நானும் உண்டு. வான்மதி என்ற புதுப் பொறியாளர் ஒருமுறை கூட்டத்தில் கை தூக்கினாள். "ஜே.டி.பி.ன்னா என்ன மேடம்?" எனக்கும் தெரியாது. "இதுகூடத் தெரியாம உன்ன யாரு உள்ள விட்டது?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் அவள் எதையும் கேட்டதில்லை.
சாமுவேல் அன்று மூன்று நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நாள் 214, 06:20
விரல் மரத்துவிட்டது. இரண்டு வால்வுகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் ஒன்றுமில்லை. பதினைந்து மீதி. எழுந்து நிற்க முடியவில்லை.
தரையில் இப்போது வான்மதியின் ஷிப்ட்.
"மேடம், உங்க ஃபைல்ல 'பணியில்'னு இருந்தத கே.எல்.டி.ன்னு மாத்திட்டாங்க."
"அப்படின்னா என்ன?"
அவளுக்குத் தெரியும். "தண்ணி குடிச்சீங்களா மேடம்?" என்று பேச்சை மாற்றுகிறாள்.
சொல்லும்மா. கேட்கிறேன் இல்லையா. எனக்குத் தெரியாது வான்மதி. எனக்குத் தெரி